ஹாப்கின்ஸின் அறையில் கிடைத்த புத்தகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரத்துக்கு வேண்டிய கணித முறைகளில் தேர்ச்சி பெற விரும்பிய மாணாக்கன், கல்லூரிப் பிரசங்கங்களை மட்டும் நம்பியிராமல், பொருள் கொடுத்துத் தனி உபாத்தியாயர் ஒருவரை அடுப்பதே வழக்கமாயிருந்தது. அவ்வுபாத்தியாயர்களுள் தலைசிறந்த வில்லியம் ஹாப்கின்ஸ், படிக்க வரும்போதே விவாகமானவராதலால், பிரமசாரிகளுக்கே உரியதாயிருந்த கல்லூரிப் பதவியை அடைய முடியாதவர். அந்தத் தடையே சாஸ்திர உலகுக்குப் பெரும் பாக்கியமாயிற்று என்பேன். ஏறத்தாழ ஒத்த திறமையுள்ள சிலரைச் சிறு வகுப்பாகச் சேர்த்து, கணக்கின்மேல் கணக்காகப் போடவைத்து, முறையைக் கைப்பழக்கமாக்கிவிடுவது அவர் போதனை. ஸ்டோக்ஸ், வில்லியம் தாம்சன், மாக்ஸ்வெல் மூவரும் அங்கே பயின்றவர்களே.

1845 ஜனவரியில் பரீட்சையை முடித்து ஊரைவிட்டுப் புறப்படவிருந்த இருபது வயதுத் தாம்சன், மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் கணிதத்தைப் பிரயோகிப்பதுபற்றி ஜார்ஜ் கிரீன் என்பவர் எழுதிய நூலைக் கடைகளில் தேடியும் காணாமல், அக்குறையை ஹாப்கின்ஸிடம் சொல்ல, அவரோ தம் அறைக்கு அழைத்துச் சென்று பிரதிகளை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நாட்டிங்ஹாமில் காற்றாலையில் மாவரைத்துக்கொண்டே, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கிரீன் 1828-இல் வெளியிட்ட நூல் அது. ஆசிரியர் இறந்து நான்காண்டுகள் ஆகியும் அதன் அருமையை அறிந்தவர் மிகச் சிலரே. தாம்சன் அதைப் பாரிஸுக்கு எடுத்துச் சென்று அங்குள்ள கணித வல்லுநர்களிடம் காட்டியதோடு, பிறகு பெர்லினில் வெளிவந்த ஒரு சஞ்சிகையில் மறுபடியும் அச்சேறச் செய்தார். இன்று பௌதிக மாணாக்கர் எவரும் கிரீன் பெயரைச் சொல்லாமல் படித்து முடிப்பதில்லை.

கேம்பிரிட்ஜ் பரீட்சைக் கணக்குகளில் வெறும் சாமர்த்தியமே மிகுந்திருந்தது என்ற குறை அக்காலத்திலேயே உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் 1854-இல் அங்கே ஸ்மித் பரிசுக்காக நடந்த பரீட்சையில் ஸ்டோக்ஸ் கேட்ட ஒரு கேள்வியைப் பாருங்கள்: ஒரு பரப்பு முழுவதிலும் கூட்டிப் பெறும் தொகையை, அப்பரப்பின் விளிம்பைச் சுற்றிவந்தே பெறலாம் என்று நிறுவ வேண்டும். வயலுக்குள் இறங்காமல் வரப்பைச் சுற்றியே விளைச்சலை அறிந்துகொள்வது போன்ற வியப்பு அது. தாம்சன் 1850-இலேயே ஸ்டோக்ஸுக்குக் கடிதத்தில் எழுதியிருந்த அந்த உண்மையைப் பரீட்சைத் தாளில் கண்டவர்களுள் மாக்ஸ்வெல்லும் ஒருவர். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றித் தாம் இயற்றிய பெருநூலில் அதனை எடுத்தாண்டபோது, அடிக்குறிப்பில் அவர் மூலமாகக் காட்டியது அந்தப் பரீட்சைத் தாளின் எட்டாம் கேள்வியையே.