பேசிக்கொண்டே பார்த்தவளின் மரணம்: 'ஸ்கேரி மூவி'யும் வீட்டு ஒளிநாடாவும்

2000ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் வெளியான 'ஸ்கேரி மூவி' படத்தில் ஒரு திரையரங்கக் காட்சி வருகிறது. அரங்கில் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' ஓடிக்கொண்டிருக்கிறது. பிரெண்டா என்னும் கறுப்பினப் பெண் கைபேசியில் உரக்கப் பேசுகிறாள். திரையில் நடப்பதற்கெல்லாம் கருத்துச் சொல்கிறாள். வாயை மூடச் சொன்னவர்களோடு சண்டைக்கு நிற்கிறாள். முகமூடிக் கொலைகாரன் அவளைக் கொல்லப் பக்கத்தில் வந்து அமர்கிறான். ஆனால் அவனுக்கு வேலை வைக்காமல், பொறுமையிழந்த பார்வையாளர்களே ஒருவர்பின் ஒருவராக எழுந்துவந்து அவளைக் குத்திக் கொன்றுவிடுகிறார்கள்.

கீனன் ஐவரி வேயன்ஸ் இயக்கி, அவருடைய தம்பியர் ஷான், மார்லன் இருவரும் எழுத்தில் பங்கேற்று நடித்த இப்படம், பெரும்பாலும் அதன் பாலியல் கொச்சைக்காகவே நினைவுகூரப்படுகிறது. அக்கொச்சைக்கு நடுவில் கிடக்கும் இக்காட்சியோ, படம் பார்க்கும்போது பேசும் உரிமை யாருக்கு உண்டு என்ற பழைய வழக்கொன்றைக் கிளறுகிறது. அந்த வழக்கில் வீட்டு ஒளிநாடாவும் ஒரு தரப்பு.

திகில் படங்களைப் பகடி செய்வது ஒளிநாடாவோடு பிறந்ததன்று. 1948இலேயே ஆபட்டும் காஸ்டெல்லோவும் ஃபிராங்கன்ஸ்டைனைச் சந்தித்துவிட்டார்கள். 1974இல் மெல் புரூக்ஸ் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தார். ஆனால் அப்பகடிகள் எல்லோரும் பொதுவாக அறிந்த உருவங்களை நம்பியிருந்தன. ஒரு காட்சியின் கோணத்தையும் வசனத்தையும் இடைநிறுத்தத்தையும் பார்வையாளர் துல்லியமாக நினைவில் வைத்திருப்பார் என்று நம்பிப் படமெடுக்கும் துணிவைப் பரவலாக்கியது ஒளிநாடாதான்.

சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கருவியை 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் பதிவு செய்வது பதிப்புரிமை மீறல் என்று யுனிவர்சலும் டிஸ்னியும் தொடுத்த வழக்கில், 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதே பத்தாண்டில் வாடகைக் கடைகள் தெருத்தெருவாகப் பெருகின. 'ஹாலோவீன்' (1978), 'ஃபிரைடே தி தர்டீன்த்' (1980) போன்ற குறைந்த செலவுக் கொலைப் படங்கள் வரவேற்பறைகளுக்குள் வந்தன. இளைஞர்கள் அவற்றை நண்பர்களோடு, நிறுத்தியும் பின்னோட்டியும், கூச்சலிட்டும் கிண்டலடித்தும் பார்த்தார்கள்.

வெஸ் கிரேவன் இயக்கிய 'ஸ்க்ரீம்' (1996) இந்தத் தலைமுறையின் படம். கெவின் வில்லியம்சன் அதற்கு முதலில் இட்டிருந்த பெயரே 'ஸ்கேரி மூவி'தான். அதில் ஒளிநாடாக் கடையில் வேலை செய்யும் ராண்டி, திகில் படத்தில் உயிர்பிழைப்பதற்கான விதிகளை நண்பர்களுக்கு விளக்குகிறான். பிறகு தனியே அமர்ந்து 'ஹாலோவீன்' நாடாவைப் பார்க்கும்போது, பின்னால் திரும்பிப் பார்க்கும்படி திரையிலுள்ள நாயகியிடம் கத்துகிறான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே கொலைகாரன் நிற்கிறான். திரையோடு பேசும் பழக்கம் இங்கே நிபுணத்துவத்தின் அடையாளம். ராண்டியை யாரும் அடக்குவதில்லை. அவன் வெள்ளையன்; இருப்பதும் வீட்டில்.

பிரெண்டாவின் மரணம் நேரடியாகப் பகடி செய்வது 'ஸ்க்ரீம் 2' (1997) படத்தின் தொடக்கத்தை. அங்கே மொரீன் என்னும் கறுப்பினப் பெண், திகில் படங்கள் தம் இனத்தவரை ஒதுக்குவதைச் சுட்டிக்காட்டுகிறாள். சற்று நேரத்தில் நிரம்பிய அரங்கிலேயே கொல்லப்படுகிறாள். பார்வையாளர்கள் அதை விளம்பர வேடிக்கை என்று எண்ணி ஆரவாரிக்கிறார்கள். அந்தப் படம் கூட்டத்தின் அலட்சியத்தைக் காட்டியது. வேயன்ஸ் சகோதரர்கள் கூட்டத்தின் கையிலேயே கத்தியைக் கொடுத்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகள் பல, கறுப்பினத்தவரைத் தனி வாயில் வழியே மேல்மாடத்துக்கு அனுப்பின. சட்டப்படியான பிரிவினை நீங்கிய பின்னும், அரங்கில் மௌனமே நாகரிகம் என்ற நெறி நீடித்தது. தேவாலயத்திலும் இசையரங்கிலும் குரலுக்கு மறுகுரல் கொடுத்துப் பழகிய சமூகத்தினர், அந்நெறியின் பார்வையில் தொல்லை தருபவர்களாகத் தெரிந்தார்கள்.

இந்தப் படத்தின் இல்லப் பதிப்பு 2000 டிசம்பரில் நாடாவாகவும் டிவிடியாகவும் வெளிவந்தது. திரையரங்கில் அதற்கு 'ஆர்' சான்று; பதினேழு வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையின்றி நுழைய முடியாது. வீட்டிலோ அந்த வாயிற்காவல் தளர்ந்தது; மௌன நெறியும் இல்லை. அரங்கில் பிரெண்டா எதற்காகக் கொல்லப்பட்டாளோ, அதையே செய்தபடிதான் வீடுகளில் அவள் கொலையைப் பார்த்தார்கள். இந்தப் பகடி எந்தப் பார்வைப் பழக்கத்திலிருந்து பிறந்ததோ, அதனிடமே திரும்பிச் சேர்ந்தது.

ஆயினும் இதை விடுதலைக் கதையாக மட்டும் வாசிப்பது பிழை. ரெஜினா ஹாலின் நடிப்பு பிரெண்டாவுக்கு உயிர் தருகிறது. அதே வேளையில், கத்திப் பேசும் கறுப்பினப் பெண் என்ற வார்ப்புருவை அப்பாத்திரம் மறுபதிப்பும் செய்கிறது. ஒருபால் ஈர்ப்பு, மனவளர்ச்சிக் குறை ஆகியவற்றின் மீதான படத்தின் சிரிப்பில் எதிர்ப்பு எதுவும் இல்லை. ஏளனம் மட்டுமே உண்டு. அரங்கிருளில் சிரித்துக் கடந்துவிட்ட அவ்விடங்களை, நிறுத்திப் பார்க்கும் வசதி மீண்டும் மீண்டும் கண்முன் நிறுத்துகிறது. ஒளிநாடா படத்துக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. அதன்மீதான தீர்ப்பை மறுபடி எழுதும் வாய்ப்பையும் தந்தது.

ஏறத்தாழ 1.9 கோடி டாலரில் எடுக்கப்பட்ட படம் உலகளவில் 27 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அடுத்த பாகம் கிடையாது என்று அதன் விளம்பரம் வாக்களித்திருந்தது. மறு ஆண்டு ஜூலையிலேயே இரண்டாம் பாகம் வந்தது. 2003இல் வந்த மூன்றாம் பாகத்தை இயக்கியவர் 'ஏர்பிளேன்!' புகழ் டேவிட் சக்கர். வேயன்ஸ் சகோதரர்கள் அதில் இல்லை. அத்தனை பேர் குத்திக் கொன்ற பிரெண்டா மட்டும் இரண்டாம் பாகத்தில் உயிரோடு வந்தாள், மூன்றாம் பாகத்திலும் வந்தாள், பேச்சையும் நிறுத்தவில்லை.