விழ மறுத்த விமானம்

1919இல் ஸ்பெயினில் மூன்று எஞ்சின் பூட்டிய குண்டுவீச்சு விமானம் ஒன்று தரைக்கு அருகே வேகம் இழந்து விழுந்து நொறுங்கியது. அதை வடிவமைத்த இளைஞர் ஹுவான் தெ லா சியெர்வாவை அந்த விபத்து விடவில்லை. வேகம் குறைந்தால் இறக்கை தூக்காது. அப்படியானால் விமானம் மெதுவாகப் போனாலும் இறக்கை மட்டும் வேகமாக ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தார். ஆட்டோஜைரோ என்னும் ஜைரோபிளேன் பிறந்த கதை இதுதான்.

ஹெலிகாப்டரில் சுழலும் இறக்கையான ரோட்டாரைச் சுழற்றுவது எஞ்சின். ஜைரோவில் எஞ்சின் புரொப்பல்லரை மட்டுமே ஓட்டும். மேலே இருக்கும் ரோட்டாரை, திருவிழாக் காற்றாடியைப் போல, எதிர்வரும் காற்றே சுழற்றிவிடும்.

முதல் மூன்று மாதிரிகளும் சரியாகப் பறக்கவில்லை. ரோட்டாரில் காற்றை எதிர்த்து முன்னேறும் அலகு அதிகமாகத் தூக்க, பின்வாங்கும் அலகு குறைவாகத் தூக்க, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒவ்வொரு அலகும் மேலும் கீழும் அசையும்படி கீல் வைத்த பிறகு, 1923 ஜனவரியில் ஸ்பெயினின் ஹெடாஃபேயில் சி.4 பறந்தது. சில நாட்களில் மேலேறும்போதே எஞ்சின் நின்றுபோனது. ஜைரோ விழவில்லை, மெதுவாக இறங்கி நின்றது.

ஆனால் ஓட்டுவதற்கு அது இன்னும் இணக்கமாகவில்லை. திருப்புவதற்குச் சாதாரண விமானத்தின் பாகங்களையே நம்பியிருந்தது. வேகம் குறைந்தால் அவற்றின் மேல் போதிய காற்று பாயாது. மெதுவாகப் பறக்க முடிந்த வண்டியை மெதுவான வேகத்தில் திருப்ப முடியவில்லை! 1930களில் வந்த சி.30இல் சியெர்வா இருபுறமும் இருந்த நிலையான இறக்கைகளையே கழற்றிவிட்டு, ரோட்டாரின் தலையை ஓட்டுநர் ஸ்டிக்கால் நேரடியாகச் சாய்க்கும்படி செய்தார். இன்றைய ஜைரோக்களின் கையாளுகை அங்கேதான் தொடங்குகிறது. 1936 டிசம்பரில் இங்கிலாந்தின் கிராய்டனில், மூடுபனியில் கிளம்பிய ஒரு பயணிகள் விமானம் விழுந்ததில் சியெர்வா இறந்தார். பிறகு ஹெலிகாப்டர் வந்து ஜைரோவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1950களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் அதற்கு மறுபிறவி. இகோர் பென்சன் அலுமினியக் குழாய்கள், ஓர் இருக்கை, முதுகுக்குப் பின்னால் மெக்கல்லக் எஞ்சின் என்று வீட்டிலேயே கட்டக்கூடிய ஜைரோவை விற்றார். கால் தொங்க, முகத்தில் காற்று அறையப் பறக்கலாம். ஸ்டிக்கைச் சற்று அசைத்தாலே திரும்பும் சுறுசுறுப்பு. ஆபத்தும் அதிலேயே இருந்தது. அசைவுக்கான பதில் ஒரு நொடித்துளி தாமதமாக வரும். புதியவர் அதற்குள் இன்னும் அசைப்பார், பிறகு எதிர்த்திசையில் திருத்துவார். இப்படியே மூக்கு மேலும் கீழும் ஊசலாடத் தொடங்கும்.

பெரிய எஞ்சின்கள் வந்தபின் நிலைமை மோசமானது. புரொப்பல்லர் தள்ளும் கோடு வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே போனது. ரோட்டார் மேல் சுமை இருக்கும்வரை தொல்லை தெரியாது. ஸ்டிக்கை முன்னே அழுத்தி ஒரு கணம் அந்தச் சுமையை இறக்கிவிட்டால், எஞ்சினே வண்டியைத் தலைகுப்புறக் கவிழ்த்துவிடும். அதிலிருந்து மீள வழியில்லை. விழக்கூடாதென்று பிறந்த வண்டிக்குப் புதிதாக விழும் வழி கிடைத்துவிட்டது.

இது ஜைரோவின் பிறவிக்குணம் அல்ல. பிரிட்டனின் கென் வாலிஸ் 1961இல் பறக்கவிட்ட டபிள்யூஏ-116இல், ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டே பறந்து காட்டினார். 1967இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ‘லிட்டில் நெல்லி’யாக வந்தது அந்த வகைதான், படத்துக்காக ஓட்டியவரும் அவரே. பின்னாளில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தள்ளும் கோட்டுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையிலான உயர வித்தியாசமே முக்கியம் என்று காட்டினார்கள்.

இந்தக் கணக்கோடு வாலின் அமைப்பையும் வைத்து இன்றைய வண்டிகளை ஒப்பிடலாம். இத்தாலியின் மாக்னி எம்16 திறந்த வண்டி, ஒருவர் பின் ஒருவர் அமர்வது. அகன்ற கிடைமட்ட வால் இருப்பதால், விட்ட இடத்தில் நிற்கும் நிதானம் அதற்கு உண்டு. ஜெர்மனியின் எம்டிஓஸ்போர்ட்டும் அதே அமைப்புதான். அருகருகே அமரும் மூடிய கவாலோன் நீண்ட பயணத்துக்கும் பேச்சுக்கும் ஏற்றது. காற்றின் ஆட்டம் மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடும். அமெரிக்காவின் ஒற்றை இருக்கை டாமினேட்டரில் இருக்கை உயரமாக அமைந்து, தள்ளும் கோடு ஈர்ப்பு மையத்தை ஒட்டியே போகிறது. உயரமான வால் புரொப்பல்லர் காற்றிலேயே நிற்பதால் துள்ளலும் உண்டு, அடக்கமும் உண்டு.

ஜைரோவின் விளையாட்டெல்லாம் மெதுவான வேகத்தில்தான். எதிர்க்காற்றில் மூக்கை உயர்த்தினால் தரைக்கு மேல் நின்ற இடத்திலேயே நிற்கலாம். போதிய உயரத்தில் வேகத்தை விட்டுவிட்டு நேர்கீழாக இறங்கி, மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்த்து, சில மீட்டர் மட்டும் உருண்டு நிற்கலாம். இதைத் தாழ்வான உயரத்தில் செய்தால் வேகம் சேர்க்க இடம் இருக்காது.

எனவே என் தேர்வு திறந்த வண்டிதான். பழகுவதற்கு எம்16, கை தேர்ந்தபின் டாமினேட்டர். கிடைமட்ட வாலில்லாத பழைய ஜைரோதான் உண்மையான துள்ளல் என்பவர்கள் உண்டு. அதில் பறப்பவரின் கவனம் முழுவதும் ஸ்டிக்கைத் திருத்துவதிலேயே போய்விடும். கீழே ஓடும் ஆற்றைப் பார்க்க நேரம் தரும் வண்டியில்தான் எனக்குப் பறக்கும் சுகம்.