கண்ணமங்கலத்தில் பயோடீசல்: ஒரு லிட்டரின் கணக்கு

வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவே, பட்டுத்தறியும் வேர்க்கடலையும் சோறு போடும் ஊர் கண்ணமங்கலம். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று ஓடியது இதே கடலை எண்ணெயில்தான். அதை எடுத்துக்காட்டி, செக்குள்ள ஊரெல்லாம் தனக்கு வேண்டிய டீசலைத் தானே செய்துகொள்ளலாம் என்பாருண்டு. கணக்கு அதற்கு இடம் தருவதில்லை.

ஒரு லிட்டர் எண்ணெய் தருவது ஏறக்குறைய ஒரு லிட்டர் பயோடீசல். அதன் எரிதிறனோ டீசலைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. ஆகவே எண்ணெய் விலைக்குக் கீழே எரிபொருளின் அடக்கவிலை இறங்க வழியில்லை. கடலை எண்ணெய் இன்று விற்கும் விலையில் அதை எஞ்சினில் ஊற்ற யாருக்கு மனம் வரும்?

உண்ணாத எண்ணெய் என்று காட்டாமணக்கைப் பிடித்தார்கள். 2003-இல் மத்தியத் திட்டக்குழு அமைத்த குழு அதைத்தான் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டுத் தோட்டங்களை ஆராய்ந்து ஆய்வாளர்கள் அரிசா-மோந்தோபியோவும் லேலேயும் 2010-இல் வெளியிட்ட முடிவு கசப்பானது: விளைச்சல் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை, தண்ணீர் வசதி இருந்தால்தான் கட்டுப்படியாகும், நலிந்த விவசாயி மேலும் நலிந்தார்.

விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்த லிட்டர் எதற்குப் பதிலாக எரியப்போகிறது? ஒடிசாவில் கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் பணியாற்றும் பழங்குடிச் சிற்றூர்களில், காலால் மிதித்து இயக்கும் கலனில் இலுப்பை, புங்க எண்ணெயைப் பயோடீசலாக்கித் தண்ணீர் இறைத்தார்கள். மின்கம்பி எட்டாத இடம். அங்கே அது அர்த்தமுள்ள முயற்சி. தமிழ்நாட்டிலோ விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். கைத்தறிக்கு எஞ்சினே வேண்டாம். இயல்பான சந்தை இங்கே முன்பே அடைபட்டுவிட்டது.

எஞ்சுவது பஜ்ஜிக்கடைக் கடாய். அங்கே மிஞ்சும் எண்ணெய் மலிவு. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ந்ததில் கொழுப்பமிலம் ஏறியிருக்கும். அதைப் பயோடீசலாக்கக் காரம் சேர்த்தால், அடியில் தேன்நிறக் கிளிசரின் பிரிய வேண்டிய இடத்தில் கூழாகச் சோப்பு திரளும். காரத்தோடு, 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனாலும் வேண்டும். அதில் பாதிதான் வினையில் சேரும். மீதியை வடித்து மீட்காத சிறு பட்டறைக்கு நட்டம்தான். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தத் திரவத்தை நெசவாளர் தெருவில் பீப்பாயில் அடுக்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல், எண்ணெய் எவ்வளவு கெட்டது என்று காட்டும் மொத்த முனைவுச் சேர்மம் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குத் தடுத்திருக்கிறது. ஆனால் நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவருக்குத்தான் கணக்கு வைக்கும் கட்டாயம். சிற்றூர்க் கடைகள் அந்த வலையில் விழுவதில்லை. அவற்றின் பழைய எண்ணெய் இன்னொரு கடாய்க்குப் போனாலும் கேட்பாரில்லை.

ஆகவே கண்ணமங்கலம் காய்ச்ச வேண்டாம், சேர்த்தால் போதும். பேரூராட்சி குப்பை வண்டியோடு ஒரு கேனையும் அனுப்பட்டும். கடைக்காரருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுத்து வாங்கி, உரிமம் பெற்ற பெரிய பயோடீசல் ஆலைக்கு விற்கட்டும்.