தாது வருஷப் பஞ்சம் சொல்லும் பாடம்



1876-இல் மழை பொய்த்தது. மறு வருஷமும் கைவிட்டது. அதுதான் தாது வருஷப் பஞ்சம். நம் அஞ்செட்டி அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1871-இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த அந்த ஜில்லாவின் ஜனத்தொகை, 1881-இல் சுமார் 16 லட்சம்தான். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களுமாக வீடுகள் காலியாயின.

ஒரு வருஷம் மழை தவறினால் எப்படியோ சமாளிச்சிடலாம். விதையையும் தின்று தீர்த்தபின் வருகிற இரண்டாம் வருஷந்தான் குடும்பத்தை அழிக்கும்.

அதனால்தான் நம் பெரியவர்கள் கேழ்வரகைக் குழியிலும் குதிரிலும் வருஷக்கணக்கில் வைத்தார்கள். பொடித் தானியம்; வண்டு எளிதில் சேராது. ஈரம்தான் எதிரி.

"ரேஷன் கடை இருக்கே" என்பீர்கள். அது வயிற்றுக்கு, விதைக்கு?

இந்த அறுவடையில் மூட்டை வண்டியேறுமுன், விதையையும் ஒரு வருஷச் சாப்பாட்டையும் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.