வேலையா, குழந்தையா? ஏ.லலிதா கேட்ட வேறு கேள்வி

எங்க மேல்மலையனூர் பக்கம் இன்னிக்கு பி.இ. முடித்த பெண்கள் சாதாரணம். ஆனா குழந்தை பிறந்ததும் "வேலையா, குழந்தையா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ.லலிதாவுக்கு இந்தக் கேள்வி கல்லூரிக்குள் நுழையும் முன்பே வந்துவிட்டது.

1919-ல் சென்னையில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 1937-ல் கணவர் இறந்தபோது லலிதாவுக்கு 18 வயது, மகளுக்கு நான்கு மாதம்.

அன்றைக்குப் பெண்கள் படிக்கப் போனால் மருத்துவம் ஒரு வழி. லலிதா வேண்டாம் என்றார். டாக்டருக்கு நடுராத்திரியில் அழைப்பு வரும், தூங்குகிற பிள்ளையை விட்டுட்டு ஓடணும். நேரத்துக்கு வீடு திரும்பும் வேலைதான் அவருக்குத் தேவை. அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசி இடம் வாங்கினார். கவனிங்க: ஆண்கள் மட்டுமே இருந்த கல்லூரிக்குள் அவர் நுழைந்தது குழந்தையை மனசில் வைத்துத்தான்!

அதற்கும் விலை இருந்தது. அவர் ஹாஸ்டலில், குழந்தை உறவினர் வீட்டில். வார இறுதியில்தான் பார்க்க முடியும்.

1943-ல் பட்டம். ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி. பிறகு ஷிம்லாவில் சகோதரர் குடும்பத்தோடு இருந்து, மகளையும் வளர்த்துக்கொண்டே வேலை. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். மின்கடத்தல் பாதைகள், துணைமின் நிலையங்கள் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய்வந்தார்.

அதே தலைமுறையில் வானிலை விஞ்ஞானி அன்னா மாணி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் அப்படித்தான். லலிதாவால் இரண்டையும் பிடித்துக்கொள்ள முடிந்ததென்றால், திறமை பாதி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது மீதி.

2017 சட்டத்திருத்தம் 26 வார மகப்பேறு விடுப்பு தந்தது. 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. சரி, பத்து பேர் வேலை பார்க்கும் திண்டிவனம் ஆபீஸில்? 27-வது வாரம் காலையில் குழந்தை யார் மடியில்? லலிதாவுக்கு அந்தப் பதிலைக் குடும்பம் கொடுத்தது. அப்படி ஒரு குடும்பம் அமையாத பெண்ணுக்கு யார் கொடுப்பது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.