ஒரத்துப்பாளையத்தின் கணக்கு

ஒரத்துப்பாளையம் அணைன்னு சொன்னாலே நம்ம பக்கம் வரும் முதல் வார்த்தை பேராசை. திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்கள் காசுக்காக நொய்யலைக் கெடுத்தார்கள், அவ்வளவுதான் கதை. எனக்கு இந்த விளக்கம் பத்தவில்லை. பின்னலாடைத் தொழிலுக்கு வந்தவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துக்காரர்கள். தண்ணீரின் அருமை தெரிந்தவர்களே எப்படி வருஷக்கணக்கில் ஒரே தப்பைச் செய்தார்கள்?

ஹெர்பர்ட் சைமன் 1947-ல் நிர்வாக முடிவுகள் பற்றி எழுதிய புத்தகம் ஒரு பிடி கொடுக்கிறது. நிர்வாகி எல்லா வழிகளையும் அலசிச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை. கைக்கெட்டிய தகவலையும் கிடைத்த நேரத்தையும் வைத்து, 'இது போதும்' என்று பட்ட இடத்தில் நின்றுவிடுகிறார்.

இப்போ பட்டறை முதலாளியின் மேசையைப் பாருங்க. பெரும்பாலும் ஜாப் ஒர்க். ஷேடு சரியா, தேதிக்குள் போகுமா, கிலோவுக்கு என்ன ரேட்டு: இந்த மூன்றுக்கும் அன்னன்னைக்கே பதில் தெரிந்துவிடும். பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய தண்ணீரும் உப்பும் வேணும். அந்த உப்பு செய்த வேலையோ, ஆற்றுக்குக் கீழே வேறொருவர் தோட்டத்தில், சில வருஷம் கழித்துத்தான் தெரியும்.

பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த அணை, சாயக்கழிவுத் தொட்டி ஆனது. மதகைத் திறக்கச் சொல்ல வேண்டிய விவசாயிகளே 'திறக்காதீங்க' என்றார்கள்.

1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நிறம் குறைந்தது, கரைந்த உப்பு அப்படியே போனது. கண்ணுக்குத் தெரிந்தது நிறம்தானே? அது போனதும் பிரச்சினையே போன மாதிரி இருந்தது. சைமன் சொன்ன 'போதும்' இதுதான்.

ஆனால் 'தெரியாமல் செய்தோம்' என்ற சமாதானம் 2006-க்குப் பிறகு செல்லாது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக் கூடாது என்று கெடு வைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்புறமும் ஏன் இழுத்தார்கள்? கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் காட்டியது இங்கே பொருந்துகிறது: நிச்சயமான நஷ்டம் ஒருபக்கம், வரலாம் வராமலும் போகலாம் என்ற பெரிய நஷ்டம் மறுபக்கம் என்றால், மனுஷன் இரண்டாவதில்தான் சூதாடுவான். சவ்வூடு பரவல் வடிகட்டி, ஆவியாக்கி எல்லாம் இன்றைக்கே கையை விட்டுப் போகிற பணம். மூடச் சொல்லும் உத்தரவு, ஒருவேளை வராமலே போகலாம்.

2011 ஜனவரி 28-ல் வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னார்கள். சூதாடியது முதலாளிகள், வேலை போனது அந்த மேசைப் பக்கமே போகாத தொழிலாளிகளுக்கும்தான்.

பிறகு பட்டறைகள் கழிவே வெளியேற்றாத முறைக்கு மாறித்தான் திரும்ப ஓடின. முதலாளிகளுக்குத் திடீரென ஞானம் வந்துவிடவில்லை. ஆற்றின் கணக்கு அவர்கள் மேசைக்கு வந்தது, அவ்வளவுதான். பேராசை என்று திட்டிவிட்டு நகர்ந்தால் இது நமக்குப் புரியாது. அடுத்த ஆற்றுக்கும் மனசு மாறட்டும் என்றே காத்திருப்போம்.