தொழிலாளர் நீச்சலகமும் எங்கள் பீலியும்

கந்தப்பளையில் இருந்துகொண்டு நீச்சலைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். ஆறாயிரம் அடிக்கு மேலே, தை மாதத்து விடியலில் தண்ணீர் விரல்களை விறைக்க வைக்கும் ஊர் இது. மலையிலிருந்து இறங்கும் ஊற்றைத் தகரத்தாலோ குழாயாலோ வடித்துவிட்டால் அது பீலி. பிரட்டுக்குப் போகுமுன் முகம் கழுவும் இடமும், கொழுந்து நிறுத்துத் திரும்பிய பெண்கள் குறுக்குக்கட்டுடன் திறந்தவெளியில் குளிக்கும் இடமும் அதுவே. நீந்துவது துரைமாருக்குரிய காரியம். 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இலங்கையர் உறுப்பினராவதற்கே 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பார்கள். தோட்டத் தொழிலாளியின் இடம் எது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆயினும் ஐரோப்பியத் தொழிலாளர் நீச்சல் கழகங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பீலிதான் நினைவுக்கு வருகிறது. அங்கும் விடயம் விளையாட்டில் தொடங்கவில்லை. குளிக்க இடமில்லாமையில்தான் தொடங்கியது. பேர்லினிலும் வியன்னாவிலும் ஆலைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் கட்டடங்களில் குளியலறை கிடையாது. ஆற்றிலும் கால்வாயிலும் இறங்கியவர்களுக்கோ நீந்தத் தெரியாது. நடுத்தர வர்க்கத்தின் நீச்சல் கழகங்கள் இருந்தன. ஆனால் சந்தாவும் சகவாசமும் தொழிலாளிக்கு எட்டாதவை.

ஜேர்மனியில் 1878 முதல் 1890 வரை நடைமுறையிலிருந்த சோசலிச எதிர்ப்புச் சட்டம் காலாவதியானதும் தொழிலாளர் தமக்கெனக் கழகங்களைக் கட்டலாயினர். 1893இல் கேரா நகரில் தொழிலாளர் உடற்பயிற்சிச் சம்மேளனம் உருவானது. நீச்சலர்களும் தனியே அணிதிரண்டனர். 'சுதந்திர நீச்சலர்' என்று பல கழகங்கள் பெயர் சூடிக்கொண்டன. டுசல்டோர்ஃப் நகரில் 1910இல் தோன்றிய கழகம் இன்றும் அப்பெயருடனேயே இயங்குகிறது. அரசுக்கு இவை அரசியல் அமைப்புகளாகவே தெரிந்தன. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் அரசியல் சங்கங்களில் சேர்வதைத் தடுத்த 1908ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு எதிராகவும் பயன்பட்டது. தண்ணீரில் கைகால் அடிக்கும் சிறுவனிடத்தும் புரட்சியைக் கண்டது பிரசிய அதிகாரம்!

1918இல் எட்டு மணிநேர வேலைநாள் சட்டமானதும் இக்கழகங்கள் செழித்தன. நீந்துவதற்கு நீர் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சாதனை நாயகர்களை உருவாக்குவதைவிட எல்லோருக்கும் நீந்தக் கற்றுக்கொடுப்பதையும் உயிர்காப்புப் பயிற்சியையும் அவை பெரிதாக எண்ணின. 1925இல் ஃபிராங்ஃபர்ட்டிலும் 1931இல் வியன்னாவிலும் தொழிலாளர் ஒலிம்பிக் விழாக்கள் நடந்தன. அங்கே தேசிய கீதங்களுக்கு இடமில்லை; சர்வதேச கீதமே ஒலித்தது.

வியன்னாவின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. அந்நகரின் தென்புறத்தில் வீனர்பெர்க் செங்கற்சூளைகள் இருந்தன. பொஹீமியாவிலிருந்து பிழைக்க வந்த செக் மக்களே அங்கு உழைத்தனர். முதலாளியின் நிலத்தில், முதலாளியின் குடியிருப்பில், பல குடும்பங்கள் ஒரே அறையில். கூலியாகத் தகரக் காசு. அது கம்பனியின் கடைகளில் மட்டுமே செல்லும். (எங்கள் ஊரில் 1921 வரை இருந்த துண்டு முறை இதற்குத் தூரத்து உறவு.) வெளியார் உள்ளே நுழைய இயலாது. 1888இல் விக்டர் அட்லர் என்ற மருத்துவர் மாறுவேடத்தில் உள்ளே சென்று, கண்டதைத் தமது 'சமத்துவம்' இதழில் எழுதினார். வழக்குகள் தொடர்ந்தன, இதழ் தடைசெய்யப்பட்டது.

இதைப் படிக்கும் மலையக வாசகருக்கு கோ. நடேசய்யர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். தஞ்சையிலிருந்து வந்த அந்தப் பத்திரிகையாளரும் புடவை வியாபாரியாகத்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தார். அவரும் கண்டதை எழுதினார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார்.

இரண்டு மனிதர், ஒரே உபாயம். ஆனால் விளைவுகள் ஒன்றல்ல. அட்லர் எழுதி முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1926இல், அதே தென்புறத் தொழிலாளர் வட்டாரமான ஃபாவோரிட்டனில் வியன்னா மாநகராட்சி அமாலியன்பாட் என்னும் நீச்சலகத்தைத் திறந்தது. ஆயிரத்து முந்நூறு பேர் ஒரே வேளையில் பயன்படுத்தலாம். திறந்து மூடும் கண்ணாடிக் கூரை, வெந்நீர்க் குளியல், நீராவிக் குளியல், பனிக்காலத்திலும் நீந்தலாம். அமாலியே போல்ட்சர் என்ற சமூக ஜனநாயகப் பெண் அரசியலாளரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கந்தப்பளைக் குளிரைக் காரணம் காட்டிச் சிரிப்பவர்கள் வியன்னாவின் ஜனவரியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது அந்த நீச்சலகம்? கழகங்களின் சந்தாப் பணத்திலிருந்து அன்று. ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்ததும் 1919இல் சமூக ஜனநாயகக் கட்சி நகரசபையைக் கைப்பற்றியது. 1922இல் வியன்னா தனி மாகாணமாகி வரி விதிக்கும் அதிகாரம் பெற்றது. நிதிப் பொறுப்பாளர் ஹியூகோ பிரைட்னர் மோட்டார்கார், வீட்டு வேலையாட்கள் போன்ற ஆடம்பரங்கள் மீது வரி போட்டார். கழகம் நீந்தக் கற்பித்தது. வாக்கு குளத்தைக் கட்டியது.

மலையகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது உண்மை. ஆனால் 1937ஆம் ஆண்டுக் கிராமச் சமுதாயச் சட்டத் திருத்தம் தோட்டத்து இந்தியத் தொழிலாளரைக் கிராமசபை வாக்கிலிருந்து விலக்கியது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பாராளுமன்ற ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம்; 1949இல் வாக்கும் போயிற்று. தொழிற்சங்கங்கள் எஞ்சின. கூலிக்கும் குடியுரிமைக்கும் போராடியே அவற்றின் காலம் கழிந்தது. அதற்காக அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெண்கள் மறைவாகக் குளிக்க நாலு சுவர் வேண்டும் என்பதை மே தின மேடைகளில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பதும் என் எண்ணம்.

ஐரோப்பியக் கதையும் சுபமாக முடியவில்லை. 1933இல் நாஜிகள் தொழிலாளர் கழகங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறித்தனர். 1934 பெப்ரவரியில் ஒஸ்திரியாவிலும் அதுவே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் அமாலியன்பாட் குண்டுவீச்சில் சேதமுற்றது. பின்னர் சீர்செய்யப்பட்டு இன்றும் அது மாநகரத்தின் பொது நீச்சலகமாகவே இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கதையில் ஓர் அத்தியாயம் அண்மையில்தான் எழுதப்பட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. குடியுரிமை மீண்ட பின்னரும், வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர் தம் லயத்துக்கு ஒரு படிக்கட்டுப் போடவும் சட்டம் இடம் தரவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஆனால் பிரைட்னருக்கு இருந்த வரி அதிகாரம் எந்தப் பிரதேச சபைக்கும் இல்லை. சோலைவரியையும் மத்திய அரசின் ஒதுக்கீட்டையும் நம்பியே அது பாதீடு போடுகிறது. அந்தப் பாதீட்டில் பீலிக்கு ஒரு சுவரும் கதவும் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று அடுத்த சபைக் கூட்டத்தில் எவரேனும் கேட்க வேண்டும்.